ஞாயிற்றுக்கிழமைப் பேசின்: பாதங்களைக் கவனித்தவர்களின் கதை



இந்த முறை கால்களைப் பற்றி எழுதப் போகிறேன். முகம் சுளிக்காமல் கடைசி வரை வாசியுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் பேசின் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு அதில் இளஞ்சூட்டுத் தண்ணீர் நிரப்புவோம். அப்பா கதிரையில் இருப்பார். நான் கீழே தரையில் துவாயோடு இருப்பேன். மூன்று வருடங்களுக்கு முன்பு இப்படி ஒரு காட்சியை யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கால் பராமரிப்பு என்றால் எனக்கு டிஎம் கடையில் வாசனை உப்புகள் அடுக்கி வைத்திருக்கும் ‘வெல்னஸ்’ தட்டுத்தான். பரீட்சை முடிந்த கிழமையில் தோழிகளோடு செய்யும் விளையாட்டு அது. அப்பாவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் ஒரு தேர்த் திருவிழாவில் தொடங்கியது.

தேர் நாள்

ஜூன் மாதம். நல்ல வெயில். அப்பா வழக்கம்போல வேட்டி கட்டி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வடம் பிடிக்கப் போனார். ஜேர்மனித் தெருவின் தார் எவ்வளவு சுடும் என்பது தேருக்குப் பின்னால் நடந்த எல்லோருக்கும் தெரியும். நான் நிழல் விழுந்த ஓரமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தேன். அப்பா நடுத்தெருவில் ஆறுதலாக நடந்தார். அவருடைய பக்தி என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

நான்கு நாள் கழித்து அவருடைய வெள்ளைக் காலுறையில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு கறையை அம்மா கண்டார். பெருவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம் வெடித்துப் புண்ணாகியிருந்தது.

“நோகேல்லையா அப்பா?”

“இல்லைப் பிள்ளை. ஒண்டும் தெரியேல்லை. சின்னப் புண்தானே, காய்ஞ்சிடும்.”

நோகவில்லை என்பதுதான் பிரச்சினை. அப்பாவுக்குப் பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். வைத்தியர் ஓர் இசைக்கவையைத் தட்டி, அதன் அடியை அப்பாவின் பெருவிரல் எலும்பில் வைத்தார். அதிர்வு நிற்கும்போது சொல்லுங்கள் என்றார். அப்பா என்னைப் பார்த்து, “தொடங்கவே இல்லையே, எப்படி நிற்கும்?” என்று தமிழில் கேட்டார். அதை டொச்சில் மொழிபெயர்க்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

நீரிழிவு பல வருடம் இருந்தால் பாதத்து நரம்புகள் மெல்ல மெல்ல உணர்வை இழக்கும். சூடும் தெரியாது, முள்ளும் தெரியாது, சப்பாத்துக்குள் கிடக்கும் சிறு கல்லும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது. கவனிக்காமல் விட்டால் விரலை, சில நேரம் காலையே எடுக்க வேண்டி வரும். அப்பாவின் புண் ஆற நான்கு மாதம் எடுத்தது. விரல் தப்பியது.

அந்த நான்கு மாதத்தில்தான் அப்பாவின் பாதங்களை நான் முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன். இருபத்தாறு வருடம் உணவகக் குசினியில் நின்ற பாதங்கள் அவை. முதலில் கோப்பை கழுவினார், பிறகு சமைத்தார். ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் ஈரத் தரையில் நின்றார். நகங்கள் தடித்து, குதிக்கால் வரண்ட குளம்போல வெடித்திருந்தது. தன் பாதங்களை எனக்குக் காட்ட அவர் வெட்கப்பட்டார்.

எனக்கு வரலாறு பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எதையாவது கண்டு பயந்தால் அதன் வரலாற்றைத் தேடுவது என் பழக்கம். பாதங்களைக் கவனிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது, அதை யார் யாருக்காகச் செய்தார்கள் என்று தேடினேன். பணக்காரப் பெண்களின் அலங்காரக் கதைகள் கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். பெரும்பாலும் அப்பாவைப் போன்றவர்களின் கதைகள்தான் கிடைத்தன.

கிணற்றடியில்

முதலில் எங்கள் பக்கம். யாழ்ப்பாணத்தில் அப்பம்மாவின் வீட்டு வாசலில் எப்போதும் ஒரு வாளித் தண்ணீர் இருக்குமாம். தோட்டத்தால் வந்தாலும் பள்ளிக்கூடத்தால் வந்தாலும், “காலைக் கழுவிப்போட்டு உள்ளுக்கு வா” என்ற சத்தம்தான் முதலில் கேட்கும். பின்னேரத்தில் கிணற்றடித் துவைகல்லில் குதிக்காலைத் தேய்ப்பார்கள். தேங்காய்ப் பொச்சால் விரல் இடுக்குகளை உரஞ்சுவார்கள். படுக்கப் போகும்போது கொஞ்சம் நல்லெண்ணெய். மஞ்சளும் மருதோன்றியும் கலியாணங்களுக்கும் விசேஷ நாட்களுக்கும். தேய், கழுவு, துடை, எண்ணெய் பூசு. இன்று கடையில் நான்கு டப்பாக்களில் விற்கும் வரிசை இதுதான்.

இதை ஒரு பொற்காலக் கதையாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. அதே யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும், சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட மக்கள் மற்றவர்கள் முன்னால் செருப்புப் போடக்கூடாது என்ற கட்டுப்பாடு நெடுங்காலம் இருந்தது. வெயிலில் அதிகம் நடந்தவர்களும், சேற்றில் அதிகம் நின்றவர்களும் அவர்கள்தான். அவர்களுடைய பாதங்களுக்குத்தான் பாதுகாப்பு மறுக்கப்பட்டது. செருப்புப் போட்டு நடப்பது ஒரு காலத்தில் எதிர்ப்பாகவே இருந்தது.

மலையகத் தமிழரின் கதையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டி வரப்பட்டவர்கள், மன்னார்ப் பக்கத்தில் இறங்கி, காட்டுப் பாதையால் நூறு மைலுக்கும் மேல் நடந்தே மலைநாட்டுக்குப் போனார்கள். வழியில் பலர் செத்தார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் ஈரமான தோட்ட மண்ணில் வெறுங்காலோடு வேலை செய்தார்கள். அந்த மண்ணில் கொக்கிப்புழு இருந்தது.

கொக்கிப்புழு உடம்புக்குள் எப்படி வருகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் ஒரு ஜேர்மன்காரர். ஆர்தர் லூஸ், 1861இல் கெம்னிட்ஸ் நகரில் பிறந்தவர். எகிப்தில், கெய்ரோவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, புழுவின் நுண்ணிய குஞ்சுகள் இருந்த ஒரு துளித் தண்ணீர் அவருடைய கையில் சிந்தியது. அந்த இடம் அரித்துச் சிவந்தது. பல கிழமை கழித்துத் தன் மலத்தைச் சோதித்தபோது அதில் கொக்கிப்புழு முட்டைகள் இருந்தன. வாயால் மட்டும்தான் புழு உள்ளே போகும் என்று அதுவரை நம்பினார்கள். தோலைத் துளைத்தும் போகும் என்று 1898இல் லூஸ் எழுதினார். முதலில் பலர் அவரை நம்பவில்லை.

வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்பவருக்குப் பாதமே அந்தப் புழுவுக்கு வாசல். அது தோலால் புகுந்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து குடலுக்கு வந்து இரத்தம் குடிக்கும். ஆள் வெளிறி, களைத்துப் போவார். தோட்டத்துரைமார் இந்தக் களைப்பைச் சோம்பல் என்றார்கள். இலங்கையில் கொக்கிப்புழுவுக்கு எதிரான பெரிய இயக்கம் 1916இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு தொடங்கியது. அதன் வேலை பெரும்பாலும் தோட்டங்களில்தான் நடந்தது.

இன்னொரு விஷயம் என்னை ஆச்சரியப்படுத்தியது. இதே நோய் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கள் ரூர் பகுதியின் நிலக்கரிச் சுரங்கங்களிலும் பரவியது. நிலத்துக்குக் கீழே வெப்பமும் ஈரமும் இருந்ததால் புழுவுக்கு அது இன்னொரு வெப்பமண்டலம். நான் பள்ளிக்கூடம் போன தெருவுக்கு அடியில் நின்ற சுரங்கத் தொழிலாளிக்கும், மலையகத்தில் கொழுந்து பறித்த பெண்ணுக்கும் ஒரே நோய்.

நெசவாளியின் மகன்

இனி ஜேர்மனிப் பக்கம். பழைய கிராமத்து ஜேர்மனியில் ஏழைப் பிள்ளைகள் கோடையில் வெறுங்காலோடுதான் திரிந்தார்கள். குளிர் காலத்தில் மரச் சப்பாத்து. தோல் சப்பாத்து வாங்கியவர்களுக்கும் வேறு ஒரு கஷ்டம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் நெடுநாள்வரை பல சப்பாத்துகளுக்கு இடது வலது வித்தியாசமே இல்லை. இரண்டும் ஒரே அச்சு. பாதம்தான் சப்பாத்துக்கு ஏற்ப வளைய வேண்டும். பிராங்க்ஃபுர்ட்டில் பிறந்து சூரிச்சில் உடற்கூற்றியல் கற்பித்த ஹெர்மன் ஃபொன் மையர் 1858இல் சப்பாத்தின் சரியான வடிவத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பெருவிரலின் நடுக்கோட்டை நேராகப் பின்னால் நீட்டினால் அது குதிக்காலின் நடுவுக்குப் போக வேண்டும், சப்பாத்தும் அதற்கேற்ப இருக்க வேண்டும் என்றார். உங்கள் சப்பாத்தைக் கழற்றிப் பாருங்கள். முன்பக்கம் கூராக இருந்தால், மையர் சொன்னதை அந்தக் கடைக்காரர் இன்னும் கேட்கவில்லை.

வீட்டுக் கால் பராமரிப்பு என்று ஜேர்மனியில் பேசினால் ஒரு பெயரைத் தாண்டிப் போக முடியாது. செபாஸ்டியான் க்னைப். 1821இல் பவேரியாவின் ஸ்டெபான்ஸ்ரீட் என்ற சிறு ஊரில் நெசவாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். தானும் தறியில் வேலை செய்தவர். பாதிரியாராக வேண்டும் என்ற ஆசையில் வயது போன பிறகு படிக்கத் தொடங்கி, இடையில் நுரையீரல் நோயில் விழுந்தார். அப்போது யோகான் சீக்முண்ட் ஹான் என்ற 18ஆம் நூற்றாண்டு வைத்தியர் குளிர்ந்த தண்ணீரைப் பற்றி எழுதிய பழைய புத்தகம் அவர் கையில் கிடைத்தது. 1849இன் குளிர் காலத்தில் டனூப் ஆற்றில் சில நொடிகள் முங்கிவிட்டு வீட்டுக்கு ஓடுவாராம். சுகமானார். தண்ணீர்தான் காரணம் என்று கடைசி வரை நம்பினார்.

1852இல் பாதிரியார் ஆனார். 1855இல் வோரிஸ்ஹோஃபென் என்ற ஊருக்கு வந்தார். வைத்தியருக்குக் காசு கொடுக்க முடியாத சனங்கள் அவரிடம் வந்தார்கள். அவரிடம் இருந்தது தண்ணீர், துணி, பூவுக்குத் தண்ணீர் ஊற்றும் வாளி. பட்டம் இல்லாமல் வைத்தியம் பார்க்கிறார் என்று அவர்மேல் முறைப்பாடுகளும் போயின. 1886இல் ‘என் தண்ணீர் வைத்தியம்’ என்று பொருள்படும் பெயரில் தன் அனுபவங்களைப் புத்தகமாக்கினார். அது வீடு வீடாகப் போனது.

அந்தப் புத்தகத்தில் கால் குளியல்கள் பல வகை. குளிர்ந்த தண்ணீரில் ஒன்று. இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு பிடி உப்பும் மரச் சாம்பலும் போட்டு ஒன்று. புல் விதையும் பூவும் அவித்த தண்ணீரில் ஒன்று. தடித்த தோலுக்கும் வளர்ந்து குத்தும் நகத்துக்கும் ஓட்ஸ் வைக்கோல் அவித்த தண்ணீர். வாசித்தபோது எனக்கு அப்பம்மாவின் ஞாபகம்தான் வந்தது. அவர் சட்டி மினுக்கியதும் அடுப்புச் சாம்பலால்தான். இரண்டு பேரும் வீட்டில் கிடந்ததை எடுத்தார்கள்.

காலையில் பனி விழுந்த புல்லில் வெறுங்காலோடு நடப்பதையும், முழங்கால் வரை குளிர்ந்த தண்ணீரில் கொக்குப் போலக் காலைத் தூக்கித் தூக்கி நடப்பதையும் க்னைப் சொல்லிக் கொடுத்தார். உங்கள் ஊர்ப் பூங்காவில் ஒரு கைபிடி வைத்த ஆழமில்லாத சிறு தொட்டி இருக்கலாம். வயதானவர்கள் காற்சட்டையை மடித்துக்கொண்டு அதில் சுற்றி வருவார்கள். அது க்னைப் தொட்டி. ஒரு சுற்று முடிந்து வெளியே வந்து, தண்ணீரைக் கையால் வழித்துவிட்டு, கம்பளிக் காலுறை போட்டு நடந்தால் கால் சூடாகும். 2015இல் ஜேர்மனி ‘க்னைப் முறை’யைத் தன் நாட்டின் வாய்வழி, செயல்வழி மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. க்னைப் சொன்ன எல்லாவற்றையும் இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆனால் உடம்பைக் கவனிப்பது வீட்டில், ஒழுங்காக, காசில்லாமல் செய்யக்கூடிய வேலை என்று அவர் சாதாரண மக்களை நம்ப வைத்தார்.

நடப்பவர்களுக்கான களிம்பு

அதே காலத்தில் வடக்கே இன்னொரு கதை. நாங்கள் இருக்கும் நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் லுப்பெக்கே என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. அங்கே 1868இல் எடுவார்ட் கெர்லாக் ஒரு மருந்துச் சரக்குக் கடை தொடங்கினார். அந்தக் கடை 1882இல் ஒரு கால் களிம்பைக் கொண்டு வந்தது. மணிக்கணக்காக நடக்கும் படைவீரர்களின் கால் கொப்புளத்துக்கு அது பெயர் பெற்றது. இன்றும் மருந்துக் கடைகளில் இருக்கும் ‘கேவோல்’ அதுதான். பெயரின் பொருள் ‘நன்றாக நட’. ஒரு களிம்புக்கு இதைவிட நல்ல பெயர் இருக்குமா தெரியவில்லை.

இன்றைய கால் களிம்புகளின் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் ‘யூரியா 10 வீதம்’ என்று எழுதியிருக்கும். அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “அது வெங்காயத்துக்குப் போடுற பசளை எல்லோ!”

அதே யூரியாதான். இயல்பாகவே எங்கள் தோலில் இருக்கும் பொருள் அது. தண்ணீரைப் பிடித்து வைத்து, தடித்த தோலை மெதுவாக்கும். 1828இல் ஃபிரிட்ரிக் வோலர் என்ற வேதியியலாளர் பெர்லினில் யூரியாவைச் செயற்கையாகத் தயாரித்ததை அறிவித்தார். உயிருள்ள உடம்பின் சிறுநீரகம் இல்லாமலே, உடம்பு செய்யும் ஒரு பொருளை ஆய்வுகூடத்தில் செய்யலாம் என்று அது காட்டியது. வேதியியல் பாடத்தில் அந்த ஆண்டை நான் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருந்தேன். அது அப்பாவின் குதிக்காலில் வந்து முடியும் என்று நினைக்கவில்லை.

ஜேர்மன் துறவிகளிடமிருந்து தமிழர் பாதங்களுக்கு

ஜேர்மனியின் கால் கதையும் தமிழர் கதையும் சந்தித்த ஓர் இடம் இருக்கிறதா என்று தேடினேன். தென்னாபிரிக்காவில் கிடைத்தது.

1910இல் ஜொகன்னஸ்பேர்க் நகரத்துக்கு வெளியே ‘டால்ஸ்டாய் பண்ணை’ உருவானது. இடத்தைக் கொடுத்தவர் காந்தியின் நண்பரும் கட்டடக் கலைஞருமான ஹெர்மன் கல்லன்பாக். சத்தியாக்கிரகத்தில் சிறை போனவர்களின் குடும்பங்கள் அங்கே தங்கின. அவர்களில் நிறையப் பேர் தமிழர். பண்ணையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சொந்த வேலையாக நகரத்துக்குப் போகிறவர்கள் நடந்துதான் போக வேண்டும். ஒரு வழிக்கு 21 மைல். இவ்வளவு நடப்பவர்களுக்குச் செருப்பு வேண்டாமா?

டர்பனுக்குக் கிட்ட மரியான்ஹில் என்ற இடத்தில் டிராப்பிஸ்ட் துறவிகளின் மடம் இருந்தது. துறவிகள் ஜேர்மன்காரர். கல்லன்பாக் அங்கே போய்ச் செருப்புத் தைக்கப் பழகினார். அவரிடம் காந்தி பழகினார். காந்தி பண்ணையில் இருந்தவர்களுக்குப் பழக்கினார். இதைக் காந்தியே எழுதியிருக்கிறார். இந்திய ஊர்களில் தோலைத் தொடும் வேலை எந்தச் சாதிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது என்பதை யோசித்துப் பார்த்தால், ஒரு வழக்கறிஞரும் அவரோடு இருந்தவர்களும் குந்தியிருந்து செருப்புத் தைத்தது சின்ன விஷயம் இல்லை. காந்தி ஒரு சோடியைத் தன்னைச் சிறையில் போட்ட அரசின் தலைவர்களில் ஒருவரான ஜெனரல் ஸ்மட்ஸுக்கும் கொடுத்தார். பல வருடம் அதைப் போட்ட ஸ்மட்ஸ், 1939இல் காந்தியின் எழுபதாவது பிறந்தநாளில் அதைத் திருப்பி அனுப்பினார்.

நெசவாளியின் மகன், நடந்த படைவீரர்கள், பண்ணையிலிருந்து நகரத்துக்கு நடந்தவர்கள், தோட்டத்து மண்ணில் நின்றவர்கள். இவர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். எல்லோரும் காலை நம்பிப் பிழைத்தவர்கள். கால் போனால் அவர்களுக்கு அடுத்த நாள் வேலை இல்லை. நான் ‘வெல்னஸ்’ என்று நினைத்தது அவர்களுக்குக் கருவியைத் தீட்டி வைப்பது போன்ற வேலை.

2002

இனி எங்கள் காலம். 1980களில் யுத்தத்தால் வெளிக்கிட்ட தமிழர்கள் பலர் கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி மேற்கு பெர்லினுக்கு வந்தார்கள். அப்பாவும் 1985இல் அப்படித்தான் வந்தார். பிறகு அகதிகள் விடுதி, விசாவுக்குக் காத்திருப்பு, குசினி வேலை. “எனக்குக் கால் இருக்கெண்டு நினைக்கவே அப்ப நேரம் இல்லைப் பிள்ளை” என்பார். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுவதுதான் அவருடைய முழுக் கால் பராமரிப்பு. கிணற்றடியும் துவைகல்லும் ஊரில் நின்றுவிட்டன. அவற்றோடு அந்தப் பழக்கமும் நின்றுவிட்டது.

2002 ஜூலை 7ஆம் திகதி ஹம் நகரின் உவென்ட்ரொப் பகுதியில் காமாட்சி அம்பாள் கோயில் கும்பாபிஷேகம் நடந்தது. கோபுரத்தோடு எழுந்த அந்தக் கோயில் எங்கள் பெற்றோர் இந்த நாட்டில் வேர் விட்டதற்கு அடையாளம். நாங்கள் எல்லோரும் அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறோம்.

அதே 2002இல், ஜனவரி 2ஆம் திகதி, ஜேர்மனியில் இன்னொன்றும் நடந்தது. மருத்துவக் கால் பராமரிப்பைத் தனித் தொழிலாக ஏற்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ‘பொடோலோகின்’ என்று பெயர்ப்பலகை மாட்ட இரண்டு வருட முழுநேரப் படிப்பு, அரச பரீட்சை எல்லாம் வேண்டும். நீரிழிவால் பாதம் பாதிக்கப்பட்டவருக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்தால் அந்தச் செலவைப் பொதுச் சுகாதாரக் காப்புறுதி ஏற்கும்.

கோயில் திறந்தது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சட்டம் அப்பாவின் புண்ணுக்குப் பிறகுதான் தெரியும். பதினைந்து வருடம் சீனி வருத்தத்தோடு இருந்தவர் ஒரு தடவையும் தன் காலைக் காட்டவில்லை. கேட்டால், “காலை ஏன் வைத்தியருக்குக் காட்டுவான்? மரியாதை இல்லாத வேலை” என்றார். பாதத்தை அடுத்தவர் பக்கம் நீட்டக்கூடாது என்று வளர்ந்தவர் அவர். அந்த மரியாதை அவருடைய விரலைக் கிட்டத்தட்டக் கொண்டு போய்விட்டது.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை

எங்களுக்குக் கிடைத்த பொடோலோகின் நல்ல பெண். வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குக் காட்டித் தந்தார். அதைத்தான் செய்கிறோம்.

முதலில் தண்ணீர். குழந்தையைக் குளிப்பாட்டும் வெப்பமானியால் அளப்போம். 37 பாகைக்கு மேல் போகக்கூடாது. உணர்வு குறைந்த பாதத்தை நம்பிச் சூடு பார்க்க முடியாது. நேரம் மூன்று முதல் ஐந்து நிமிடம். அதற்கு மேல் ஊறினால் தோல் மென்மையாகி வெடிக்கும். எனக்கு நீரிழிவு இல்லாததால் நான் பத்து நிமிடம் வைத்திருப்பேன். சில நாள் க்னைப்பை நினைத்து ஒரு பிடி உப்பும் போடுவேன்.

பிறகு துடைப்பது. விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் ஒற்றி ஒற்றித் துடைக்க வேண்டும். ஈரம் நின்றால் பூஞ்சை வரும். தடித்த தோலை நுரைக்கல்லால் மெதுவாகத் தேய்க்கலாம். பிளேட், கத்தி, ஆணிக்குப் போடும் அமிலப் பிளாஸ்டர் எதுவும் அப்பாவின் காலுக்குக் கிட்ட வரக்கூடாது. நகத்தை வெட்டாமல் நேராக அராவுகிறோம். மூலைகளைக் குடைவதில்லை. கடைசியாக யூரியாக் களிம்பு. குதிக்காலுக்கும் உள்ளங்காலுக்கும் நிறைய, விரல் இடுக்குக்கு இல்லை.

இவ்வளவும் கிழமைக்கு ஒரு தடவை. ஆனால் பார்ப்பது ஒவ்வொரு நாளும். அப்பா தரையில் ஒரு கண்ணாடியை வைத்து, அதன்மேல் பாதத்தைப் பிடித்து அடிப்பக்கத்தைப் பார்ப்பார். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம் ஏதாவது இருந்தால் அன்றே வைத்தியரிடம் போவோம். சப்பாத்துப் போட முன்பு கையை உள்ளே விட்டுத் தடவுவார். அவருக்குக் குளிர்ந்த தண்ணீர் நடையும் இல்லை, வெறுங்கால் நடையும் இல்லை. உங்கள் வீட்டிலும் நீரிழிவு உள்ளவர் இருந்தால், க்னைப் தொட்டிக்குக் கூட்டிப் போக முன்பு வைத்தியரிடம் கேளுங்கள்.

தேர் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அடுத்த வருடம் ஜூன் வந்தது. அப்பா ஒரு கிழமையாக ஒன்றும் பேசவில்லை. வெறுங்காலோடு போகாவிட்டால் அம்மனுக்கு மரியாதை இல்லை என்பது அவருடைய மனக்குறை. கடைசியில் அம்மாதான் சொன்னார். “அம்மனுக்கு உங்கட கால் வேணுமெண்டா அடுத்த வருசமும் நடக்க வேணும் எல்லோ.” அப்பா தோலில்லாத, துணியால் ஆன மென்மையான சப்பாத்துப் போட்டுக்கொண்டு தெருவோரமாக நடந்தார். வடம் பிடிக்கவில்லை. இரண்டு பேர் அவருடைய காலைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்கள். மூன்றாவதாக அப்பாவோடு முன்பு ஒரே குசினியில் நின்ற ஒரு மாமா வந்து, “எனக்கும் இப்ப காலிலை ஒண்டும் தெரியிறேல்லை. நீ எங்கை காட்டினனீ?” என்று மெதுவாகக் கேட்டார்.

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் பெற்றோரின் தலைமுறை கைபேசியில் எதையும் தேடாது, வைத்தியரிடம் டொச்சில் கேட்கவும் கூச்சப்படும். உங்களுக்கு டொச்சும் தெரியும், அவர்களையும் தெரியும். இந்த ஞாயிறு அம்மாவையோ அப்பாவையோ அம்மம்மாவையோ இருத்தி, ஒரு பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்து வையுங்கள். முதலில், “விடு பிள்ளை, காலைத் தொடாதை” என்பார்கள். எங்கள் அப்பாவும் மூன்று ஞாயிறு அப்படித்தான் சொன்னார்.

இப்போது ஏழு மணிக்குப் பேசினை நான் எடுக்கப் பிந்தினால், அவரே கூப்பிடுகிறார்.